கிணற்றில் நஞ்சு



நம் மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்றால் போதும், கைப்பேசியில் செய்திகள் வந்து விழுகின்றன. சில செய்திகள் ஒரு மக்களினத்தையே குற்றவாளி ஆக்குகின்றன. "எதற்கும் எச்சரிக்கையாய் இருக்கட்டும்" என்று நாமும் நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறோம்.

1348-இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியது. யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. யூதர்களும் அதே நோயில்தானே சாகிறார்கள் என்று திருத்தந்தை ஆறாம் கிளமெந்து எடுத்துச் சொன்னார். கேட்டவர் குறைவு. அடுத்த ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

1903-இல் உருசியாவில், யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாக ஒரு பொய் ஆவணம் அச்சானது. அது போலி என்று 1921-இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. அதன் பிறகும் நாசிகள் அதைப் பரப்பினார்கள். மக்களின் துன்பத்துக்குக் காரணம் கேட்கும்போது ஓர் எதிரியைக் காட்டிவிட்டால், ஆள்பவரைக் கேட்க எவரும் இல்லை. முடிவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

இது பழங்கதை அல்ல. 2018-இல் இலங்கையின் அம்பாறையில், உணவகத்துக் குழம்பில் கிடந்த ஒரு கட்டியை, சிங்களரை மலடாக்க முஸ்லிம்கள் கலந்த மாத்திரை என்றார்கள். கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. கிணற்று நஞ்சு குழம்புச் சட்டிக்கு வந்துவிட்டது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. நம் பெரிய வெள்ளி மன்றாட்டிலேயே யூதரைக் குறித்து ஓர் இழிசொல் இருந்தது. 1959-இல்தான் திருத்தந்தை 23-ஆம் யோவான் அதை நீக்கினார். இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லார்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. இயேசுவும் அன்னை மரியாவும் யூதர்கள்தாமே! நம்மைப் பற்றிப் பொய் பரவும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

மிளகில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். சோளக்காடு சந்தைக்கு வரும் வெளியூர்க்காரரைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அதை மட்டும் ஏன் பார்க்காமல் வாங்குகிறோம்? யார் சொன்னது, கண்ணால் கண்டவர் உண்டா, ஒருவர் குற்றத்தை ஓர் இனத்தின்மேல் போடுகிறார்களா என்று கேட்போம். பதில் இல்லையென்றால் அனுப்ப வேண்டாம். பொய்ச்சான்றைத் தடுக்கும் எட்டாம் கட்டளை, பொய்யை உண்டாக்கியவருக்கு மட்டுமல்ல, சுமந்து செல்பவருக்கும்தான்.

ஆண்டவரே, எங்கள் நாவையும் விரல்களையும் காத்தருளும். ஆமென்.