அப்பாவின் செல்போன்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, "எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நீ, செயற்கை நுண்ணறிவு பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் கடந்த பத்து வருடமாக இந்தக் கல்லூரியிலிருந்து என்னைக் கூப்பிடுகிற ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, பழைய போன் படுத்துருச்சு. பதினைந்தாயிரத்துக்குள்ள எதை வாங்கலாம்?" ஆகவே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். செயலாளர் என்னை மன்னிக்க வேண்டும்.

நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. எங்கள் அறையில் நான்கு பேருக்கு ஒரு நோக்கியா 1100. கரண்ட் போனால் அதுவே டார்ச். வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அப்பா திருப்பி அழைப்பார். எதை வாங்குவது என்று யோசிக்க அன்றைக்கு என்ன இருந்தது?

இன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்காமல் நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் 2017-இல் வாங்கிய ஒரு ஸ்மார்ட்போன் இருந்தது. 2022 தீபாவளி சமயம், "ஏல, சார்ஜே நிக்க மாட்டேங்கு, ரொம்ப இழுக்கு" என்றார். மகன் என்ஜினியர் அல்லவா! அன்று இரவே இணையத் தள்ளுபடி விற்பனையில் உட்கார்ந்து, பட்டியலைப் பட்டியலோடு ஒப்பிட்டு, 12,500 ரூபாய்க்கு ஒன்றை ஆர்டர் போட்டேன். பழைய போனைக் கொடுத்தால் 1,100 ரூபாய் கழிவு என்று இருந்தது. அதையும் விடுவானேன் என்று 'சரி' கொடுத்தேன். டெலிவரிக்கு வந்த பையன் பழைய போனைச் சோதித்து, உள்ளே இருப்பதை அழித்துத் தரச் சொன்னான். நான் சென்னையிலிருந்து போனிலேயே அப்பாவுக்கு எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவரும் அப்படியே அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்து அப்பா கேட்டார்: "நம்பரெல்லாம் எங்கல?"

அவருடைய எண்கள் கூகுள் கணக்கில் இல்லை. சிம்மிலும் இல்லை. அந்தப் போனுக்குள் மட்டுமே இருந்தன. இருநூற்றுக்கு மேற்பட்ட எண்கள். 'டிப்போ டைம்கீப்பர்', 'செக்கிங் ஐயா', 'நைட் சர்வீஸ் டிரைவர்', 'கரண்டு ஆபீஸ் தம்பி' என்று அவர் கையால் ஒவ்வொன்றாகப் பதிந்தவை. முப்பது வருட சர்வீஸில் சேர்த்த மனிதர்களை நான் 1,100 ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. பழைய டைரிகளைப் பரணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அடித்துப் பார்க்க ஆரம்பித்தார். பாதி எண்கள் வேறு யாருக்கோ போயிருந்தன. மூன்று இடத்தில் எடுத்துப் பேசியது நண்பரின் மகனோ மருமகளோதான்.

சரி, அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனாவது நன்றாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பட்டியலில் '7 ஜிபி ரேம்' என்று போட்டிருந்தது. உண்மையான ரேம் 4 ஜிபி. மீதி 3 ஜிபி, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் என்று பெயர் சூட்டியது. ரேமோடு ஒப்பிட்டால் அது நடைவண்டி. 'மூன்று கேமரா' என்றார்கள். ஒன்று 50 மெகாபிக்சல், மற்ற இரண்டும் தலா 2 மெகாபிக்சல். அவை எண்ணிக்கைக்கு நிற்பவை, கல்யாணப் பந்தியில் கும்பலுக்கு உட்காருகிறவர்கள் மாதிரி. அந்த 50-ம் சாதாரணமாக நான்கு நான்கு புள்ளிகளைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். சேமிப்புச் சில்லு 'இஎம்எம்சி' என்ற பழைய வகை. அதில் ஒரே சமயத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டும் நடக்காது. 'யுஎஃப்எஸ்' என்ற புதிய வகையில் இரண்டும் நடக்கும். விலை குறைந்த போன் ஒரு வருடத்தில் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இதைப் பெட்டியின் மேல் பெரும்பாலும் போட மாட்டார்கள், தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதோடு பூட்டுத்திரையிலேயே விளம்பரம். அழைப்பை எடுக்கப் போய் அப்பா விளம்பரத்தை எடுத்துவிடுவார். ஒருநாள் 'உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது' என்று ஒன்று வந்து, அதை அமுக்கி, ஏதோ ஒரு செயலியை இறக்கிவிட்டார். பென்ஷன் வந்து விழுகிற கணக்கும் அதே போனில்தான். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பையன் பார்த்து நீக்கினான்.

இன்னும் முக்கியமான ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. அது பட்டியலில் இல்லாத எண். அந்த மாடல் சந்தைக்கு வந்தது 2021 ஜூலையில். பாதுகாப்பு அப்டேட் மூன்று வருடம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வருடம் நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை, மாடல் வெளியான நாளிலிருந்து! 2022 அக்டோபரில் வாங்கியவனுக்கு மிச்சம் இருந்தது இருபத்தோரு மாதம். 12,500 ரூபாயை அதால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 7,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதே நேரத்தில் 16,500 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி, அதற்கு ஐந்தரை ஆண்டு மிச்சம் இருந்தால் ஆண்டுக்கு 3,000. எது மலிவு?

அப்டேட் ஏன் நிற்கிறது என்று தங்கைகள் கேட்கலாம். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு கூகுள் 2015 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் அடைப்பு வெளியிடத் தொடங்கியது. அது நேராக உங்கள் போனுக்கு வராது. சில்லு தயாரிப்பவர் தன் பங்குக்குத் திருத்த வேண்டும், பிறகு போன் தயாரிப்பவர் தன் மாடலுக்கு ஏற்றபடி சேர்த்துச் சோதித்து அனுப்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒருவர் கையை விரித்தாலும் போச்சு. மலிவு மாடல்களில் சீக்கிரம் விரித்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இப்போதே எல்லாரும் போனை எடுங்கள். செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' போய், 'செக்யூரிட்டி அப்டேட்' என்று இருக்கும் தேதியைப் பாருங்கள். போன மாதம், அதற்கு முந்தின மாதம் என்றால் நல்லது. இரண்டு வருடத்துக்கு முந்தின தேதி யாருக்காவது இருக்கிறதா? கை தூக்குங்கள்... சார், நீங்களுமா! (அரங்கில் சிரிப்பு)

பயப்பட வேண்டாம் சார். அப்டேட் நின்ற மறுநாளே போன் செத்துவிடாது. பாட்டுக் கேட்கவும் பேசவும் மட்டும் என்றால் இன்னும் ஓட்டலாம். அதில் வங்கியும் யுபிஐயும் ஓடிபியும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நிலைமை சற்றே மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி, நடுத்தர விலைகூட இல்லாத ஒரு மாடல், அதற்கு ஆறு வருட அப்டேட் அறிவித்தார்கள். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்கிறது. நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் கேட்கலாம் அல்லவா?

பேட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. அப்பாவின் பழைய போனுக்கு உண்மையில் என்ன நோய்? அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை. லித்தியம் அயனி பேட்டரியில் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கொஞ்சம் லித்தியம் உள்ளேயே சிக்கி வீணாகும், உள்மின்தடையும் ஏறும். அதனால்தான் வயதான போன் 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று அணைகிறது. பேட்டரி தளர்ந்த போனின் வேகத்தைத் தாங்களே குறைப்பதாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆக, 'போன் கிழடாகிவிட்டது' என்று நாம் சொல்வதில் பாதி, பேட்டரிதான் கிழடு. இன்னொரு பாதி, இடம் நிரம்பிவிடுவது. சேமிப்புச் சில்லில் ஒரு துண்டை அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். காலி இடம் இல்லையென்றால் அது உள்ளுக்குள்ளேயே பெட்டி மாற்றி அடுக்கிக்கொண்டு கிடக்கும். அப்பாவுடைய 16 ஜிபியில் பெரும்பகுதி, 'காலை வணக்கம்' ரோஜாப்பூப் படங்கள்.

ஆகவே புதிதாக வாங்குமுன், பழையதில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலி செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அப்டேட் இன்னும் வருகிறது, பேட்டரி மட்டும் போச்சு என்றால், சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றிக்கொண்டு வாருங்கள். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒருநாள்கூட வைத்திருக்காதீர்கள்.

விடுதித் தம்பிகள் பழைய போன் வாங்குவீர்கள், தப்பில்லை. *#06# அடித்தால் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். செய்தால் திருட்டுப் போனென்று முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். 'வட்டியில்லாத் தவணை'யில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உண்மையில் வட்டி உண்டு, அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டுத் தவணை என்றால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பெரும்பாலும் ஒரு நடைமுறைக் கட்டணமும் உங்கள் தலையில்தான். 5ஜி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் மட்டும், போனில் என்28 அலைவரிசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் என்பதால் சுவர் தாண்டி வரும். 2022 ஏலத்தில் அதை வாங்கியது அவர்கள் மட்டுமே.

கடைசியாக, அப்பாவின் கதை முடியவில்லை. 2024 கடைசியில் அந்த 12,500 ரூபாய்ப் போனுக்கும் அப்டேட் நின்று, மறுபடி மாற்ற வேண்டி வந்தது. இந்த முறை நான் ஊருக்கே போய், அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். வெளியான தேதி, அப்டேட் ஆண்டு, சேமிப்பு வகை மூன்றையும் பார்த்து நான் மூன்று மாடலைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஒவ்வொன்றையும் ஒரு கையில் பிடித்து, கட்டை விரல் எட்டுகிறதா என்று பார்த்தார். "கல்லு மாதிரில கனக்கு" என்று ஒன்றைத் தள்ளினார். எனக்கு போன் போட்டுப் பேசச் சொல்லி, காதில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "ரிப்பேர்னா எங்க கொண்டுபோகணும் தம்பி?" என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே என்று பதில் வந்த போனை எடுத்துக்கொண்டார். இந்த நான்கு சோதனையும் எனக்கு இந்தக் கல்லூரி சொல்லித் தராதது.

வீட்டுக்கு வந்து, முதலில் எண்களையெல்லாம் கூகுள் கணக்கில் ஏற்றி, வேறொரு கணினியில் திறந்து எண்ணிப் பார்த்தேன். 143 எண்கள். யுபிஐயை மாற்றும்போது சிம் புதிய போனில்தான் இருக்க வேண்டும், அந்த சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். போனால்தான் பதிவாகும். அதை முடித்தேன். வாட்ஸ்அப்பை மாற்றினேன். பழைய போனைக் கழிவுக்குக் கொடுக்காமல் ஒரு மாதம் பீரோவில் வைத்தேன். அப்பா இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புது டைரியை எடுத்து, 143 எண்களையும் பேனாவில் எழுத ஆரம்பித்தார்.

"அதான் ஏத்தியாச்சே, எதுக்குப்பா எழுதுறீங்க?" என்றேன்.

"நீ ஏத்துனது இருக்கட்டும். இதுவும் கெடக்கட்டும்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எலெக்ட்ரானிக்ஸ் பிளாக் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். போன் மாற்றப் போகிறவர்கள் பழைய போனோடு வாருங்கள், எண்கள் எங்கே பதிவாகியிருக்கின்றன என்று முதலில் பார்த்துவிடலாம். கை தூக்கிய சார் முதலில் வரட்டும்.