வட்டி அசலைத் தாண்டக் கூடாது!

  

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர் என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஊர் வேறானாலும் எல்லார் மடியிலும் இருப்பது ஒரே தாள்தான். பழைய கடனுக்கு வந்த நோட்டீஸ். வாங்கியது ஆயிரத்தில், கேட்பது லட்சத்தில்.

நம்ம பாசனம் எப்படி என்று நமக்குத் தெரியும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் 45,041 ஏக்கர். மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம் 1,05,002 ஏக்கர். அதுவும் அணையில் தண்ணி இருந்தால்தான். மடை திறக்காத வருசம் நமக்கு விளைச்சல் இல்லை. ஆனால் வட்டி மட்டும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முப்போகம் விளைகிறது. இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயி 30,000 ரூபாய் பயிர்க்கடன் வாங்குகிறார். வட்டி 12 சதவீதம். 15 வருசம் கட்ட முடியவில்லை. தனி வட்டி என்றால் வட்டி 54,000, அசலோடு 84,000. வருசா வருசம் வட்டியை அசலில் சேர்த்து, அதுக்கும் வட்டி போட்டால் 1,64,000-க்கு மேல் போகிறது. கடன் அதே கடன், நிலம் அதே நிலம். பேனா பிடித்தவர் போட்ட கணக்கில் 80,000 ரூபாய் வித்தியாசம்!

சரி, சட்டப்படி எவ்வளவு? இங்கேதான் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு, குறு விவசாயிக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனில், மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு விதி போட்டிருக்கிறது. தவணை தேதி வராத பயிர்க்கடன் வட்டிக்கு மேல் வட்டி போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்த 30,000 கடனுக்கு வட்டி எவ்வளவு வருசமானாலும் 30,000-க்கு மேல் ஏற முடியாது. அசலும் வட்டியும் சேர்த்து 60,000. அதோடு நிறுத்த வேண்டும். டிராக்டர் கடன், மோட்டார் கடன் போன்ற நீண்ட காலக் கடனுக்கு இந்த விதி இல்லை. அதுக்கும் வேண்டும் என்பதுதான் நம்ம கோரிக்கை.

இது நாம் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. 1938-லேயே ராஜாஜி தலைமையில் இருந்த சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி பாக்கி முழுக்கத் தள்ளுபடி. வாங்கியதைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் சேர்ந்தே தீர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே நடந்தது, இன்றைக்கு ஏன் நடக்காது?

தள்ளுபடி வந்ததே, பிறகென்ன என்று கேட்கிறார்கள். வந்தது, மறுக்கவில்லை. 2006-ல் மாநில அரசு கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. 2008-ல் மத்திய அரசு செய்தது. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் கூட்டுறவுக் கடன் தள்ளுபடி ஆனது. 5 ஏக்கருக்கு மேல் இருப்பவர்களுக்கும் கொடு என்று நம்ம ஒத்தக்கடையில் இருக்கிற உயர்நீதிமன்றக் கிளை 2017 ஏப்ரலில் உத்தரவு போட்டது. 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் ஒரு தேதி, ஒரு ஏக்கர் அளவு, ஒரு பட்டியல். அதில் விழாதவர்கள் கடன் அப்படியே நின்று குட்டி போட்டது. 2008 தள்ளுபடியை மத்திய தணிக்கைத் துறை 2013-ல் ஆராய்ந்தது. 90,576 கணக்குகளைப் பார்த்ததில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கோளாறு. பயன் பெற்றவர்கள் என்று பார்த்த கணக்குகளில் மூன்றில் ஒன்றுக்கு, தள்ளுபடிச் சான்று விவசாயி கையில் கொடுத்ததற்கு அத்தாட்சியே இல்லை! சான்று இல்லாதவன் கடன் தீர்ந்தது என்று எதைக் காட்டுவான்? அதனால்தான் சொல்கிறோம்: பேச்சை நம்பாதீர்கள், தாளைக் கேளுங்கள்.

அடுத்து, வாசலில் வந்து நிற்கிற வசூல்காரர்கள். 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பக்கம் சோழன்குடிக்காட்டில், டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்த காட்சியை நாடே பார்த்தது. கடன் பாக்கி கிரிமினல் குற்றம் இல்லை, அய்யா! அது சிவில் விவகாரம். கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீசுக்கு அங்கே என்ன வேலை?

வசூல்காரருக்கும் விதி உண்டு. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது: காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. தாய்மார்கள் குழுவாக வாங்குகிற நுண்கடனுக்குக் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரைதான். ராத்திரி எட்டு மணிக்கு வந்து அடுப்படியில் உட்காருகிறவனை எழுந்து போகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2025-ல் தமிழக சட்டமன்றமும் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கிறது. 3 வருசம் வரை சிறை.

"நிலத்தை ஏலம் போட்டுடுவோம்" என்று பயமுறுத்துவார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தை எடுக்கிற 2002-ம் வருச சர்பாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. கோர்ட்டுக்கே போனாலும், பிழைப்புக்கு வேண்டிய ஏர், மாடு, விதைநெல், விவசாயி குடியிருக்கிற வீடு இவற்றை ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு சொல்கிறது. வீட்டையே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கதை வேறு. அதனால்தான் கண்டதையும் அடமானம் எழுதாதீர்கள் என்கிறோம்.

கந்துவட்டிக்காரர் விசயம் இன்னும் மோசம். நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாமே 2003-ம் வருசச் சட்டப்படி குற்றம். 3 வருசம் வரை சிறை, 30,000 வரை அபராதம். சட்டம் இருந்தும் 2017 அக்டோபர் 23-ல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கணவன், மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. கந்துவட்டி மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்த குடும்பம் அது. தனியாகப் போகிற மனுவுக்கு இதுதான் கதி. எந்தக் கடனும் ஒரு உயிரை விடப் பெரிசு இல்லை. மனசு தாங்கவில்லை என்றால் 104-க்குப் போன் போடுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், சங்கத்துக்கு வாருங்கள்.

இனி நாம் செய்ய வேண்டியது.

ஒன்று. கணக்கை எழுத்தில் கேளுங்கள். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு, மற்ற செலவு எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். கட்டத் தவறியதுக்குப் போடுகிற அபராதத்தை அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது என்பது 2024 முதல் நடைமுறையில் இருக்கிற விதி.

இரண்டு. கணக்கைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருசம். அதுக்குள் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் வழக்குப் போட முடியாது. ஆனால் "கொடுத்துவிடுகிறேன்" என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டால் செத்த நோட்டுக்கும் உயிர் வந்துவிடும். நில அடமானத்துக்கு 12 வருசம். வெற்றுத் தாளில், வெற்றுச் செக்கில் கை வைக்கவே கூடாது.

மூன்று. வசூலுக்கு வருகிறவரிடம் அடையாள அட்டையும் வங்கிக் கடிதமும் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

நான்கு. ஒரே தவணைத் தீர்வு என்று பேசி முடித்தால், தொகையை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். கட்டியதும் பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்குங்கள். கடன் முழுக்கத் தீர்ந்த 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது விதி.

ஐந்து. வங்கி மேல் புகார் என்றால் முதலில் வங்கிக்கே எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையா, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் காசில்லாமல் புகார் செய்யலாம். போன் 14448. கூட்டுறவு சங்கம் என்றால் துணைப்பதிவாளருக்கு மனு. பேசித் தீர்க்க லோக் அதாலத் இருக்கிறது, அங்கே கோர்ட் கட்டணம் கிடையாது.

கடனை ஏமாற்றச் சொல்லவில்லை. வாங்கியதைக் கொடுப்பது நம்ம மண்ணின் மானம். வாங்காததைக் கொடுப்பது மானம் இல்லை, அது ஏமாளித்தனம்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. எல்லா விவசாயக் கடனுக்கும், யார் கொடுத்திருந்தாலும், வட்டி அசலைத் தாண்டாதபடி சட்டம் போடு! நோட்டீசோடு தமிழில் முழுக் கணக்கையும் சேர்த்து அனுப்பு! கோர்ட் உத்தரவு இல்லாமல் வசூலுக்குப் போலீஸ் போவதை நிறுத்து!

அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எல்லாரும் வர வேண்டும். நோட்டீஸ், பாஸ்புத்தகம், ரசீது எதுவானாலும் எடுத்து வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்கத்தார் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மனு எழுதிக் கொடுப்போம். ஒரு மனுவைத் தள்ளி வைப்பார்கள், ஊர் ஊராக அடுக்கிய ஆயிரம் மனுவைத் தள்ள முடியாது.

அசலைக் கொடுப்போம்! அநியாய வட்டியை எதிர்ப்போம்!