குடியை நிறுத்த இரண்டு மாத்திரையா?



சம்பள நாளில் தவறணை வாசலில் நிற்பவரை நாம் ஏசியே பழகிவிட்டோம். ஏசி யார் திருந்தினார்? அது நோய், மருந்துண்டு. நல்ட்ரெக்சோன் குடியின் கிறக்கத்தைக் குறைக்கும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியவர் மறுபடி தொடாதிருக்க உதவும். இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலனா? 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,383 பேரைக் குழுக்களாகப் பிரித்து 16 வாரம் பார்த்தார்கள். சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் இல்லை.

ஆகவே வைத்தியர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்ட வேண்டாம். டைசல்ஃபிராமை ஆளுக்குத் தெரியாமல் தேத்தண்ணியில் கலக்கவே வேண்டாம். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். அவரை லயத்தில் பூட்டி வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். லொறி கேட்டுத் துரையிடம் பேசுவது எங்கள் பொறுப்பு.