போலி வானமும் மெய் வானமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வானத்தைப் பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டார்கள். மெய்யான வானத்தைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். பல்கலைக்கழகத்தில் இன்னும் மாணவராயிருக்கும் நாம், கணனியில் ஆக்கப்படும் போலி வானத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். போலி என்றதும் முகஞ் சுளிக்க வேண்டாம். ஒன்றைப் போன்றிருப்பது போலி, அவ்வளவே. கடைத்தெருவிலேதான் அச்சொல் கெட்டுப்போயிற்று.

1963 ஆம் ஆண்டில் மார்ட்டன் சிமிட் என்னும் வானியலறிஞர் 3சி 273 என்ற ஒளிப்புள்ளியை ஆராய்ந்தார். பார்வைக்கு அது நட்சத்திரம். ஆனால் அதன் நிறமாலைக் கோடுகள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினாறு பங்கு சிவப்புப் பக்கமாக நகர்ந்திருந்தன. அப்படியானால் அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ளது! பழைய ஒளிப்படத் தட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, 1880களிலிருந்தே அதன் ஒளி கூடியும் குறைந்தும் வந்தமை தெரிந்தது. தூரத்து உடுத்தொகுதி ஒன்றின் நடுவிலே பெருங் கருந்துளை இருக்கிறது; அதை நோக்கி விழும் வாயு தட்டுப்போலப் பரந்து சுழன்று, சூடேறி ஒளிர்கிறது. கருந்துளைக்கு ஒளியில்லை, அதன் வாசலில் நெருக்குண்ணும் வாயுவுக்கே ஒளி. இத்தகையவற்றை உயிர்ப்புள்ள உடுத்தொகுதிகள் என்பர்.

தென்னமெரிக்காவிலே சில்லி நாட்டின் செறோ பச்சோன் மலையில் வேரா ரூபின் வானாய்வகம் அமைந்துள்ளது. 8.4 மீற்றர் ஆடியும் 320 கோடி படப்புள்ளிகள் கொண்ட கமராவும் அங்குண்டு. அதன் முதற் படங்கள் 2025 யூன் மாதத்தில் வெளியாயின. தென் வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படம்பிடிப்பது அதன் வேலை. ஏறக்குறைய 2,000 கோடி உடுத்தொகுதிகள் அப்படங்களில் விழும் என்றும், அவற்றுள் உயிர்ப்புள்ளவை ஒரு கோடிக்கு மேலிருக்கும் என்றும் எதிர்பார்க்கிறார்கள். மனிதக் கண் இருந்து எண்ணித் தீராது; கணனிதான் எண்ண வேண்டும். கணனி பிழையாக எண்ணினால் அதைக் கண்டுபிடிப்பவர் யார்?

இங்கேதான் போலி வானம் வேண்டப்படுகிறது. ஆசிரியர் மாதிரிப் பரீட்சை வைக்கும்போது விடைத்தாளைத் தம் கையில் வைத்துக்கொண்டே வைக்கிறார். மெய் வானத்துக்கு விடைத்தாள் எவரிடமும் இல்லை. நாமே ஆக்கிய வானத்துக்கோ உண்டு.

இத்துறையில் பெரியதொரு முயற்சி, ரூபின் வானாய்வகத்தை எதிர்நோக்கி அறிஞர் குழுவொன்று செய்து 2021 இல் விவரித்த டிசி2 என்பதாகும். 300 சதுரப் பாகை வானத்தை, ஐந்தாண்டுக் காலம் ஆறு வடிகட்டிகளினூடே நோக்கியதாகவே ஆக்கினார்கள். முதலில் ஈர்ப்பு விதிப்படி பிரபஞ்சத்தின் பொருள் திரள்வதைக் கணனியில் நடத்தி, அத்திரள்களில் உடுத்தொகுதிகளை நிறுத்தினார்கள். கருந்துளையின் நிறை, விழும் வாயுவின் அளவு, தூரம் ஆகியவை தெரிந்தால் ஒளியின் அளவைக் கணிக்கலாம். இவையெல்லாம் அடங்கியதே பட்டியல்.

ஒளி மாறுவதை எப்படி எழுதுவது? முளையில் இரப்பர்க் கயிற்றால் கட்டிய மாட்டை நினையுங்கள். அது மனம்போன திசையில் அடி வைக்கும். தூரம் போகப்போகக் கயிறு பின்னே இழுக்கும். ஒளியும் அவ்வாறே தற்செயலாகக் கூடிக் குறைந்து, தன் சராசரிக்கு மெல்ல மீள்கிறது. எத்தனை நாளில் மீளும், எவ்வளவு ஆடும் என்னும் இரண்டு எண்களே போதும். ஆயிரக்கணக்கான குவாசர்களின் மெய்யான பதிவுகளிலிருந்து 2010 இல் இவ்வெண்களைக் கணித்திருக்கிறார்கள்.

பட்டியல் முடிந்த பின்னரே தொல்லை தொடங்குகிறது. அழகான வானத்தை வேண்டுமென்றே அழுக்காக்க வேண்டும்! காற்றின் அலைவு புள்ளியை மங்கச் செய்யும். நிலவொளி பின்னணியை வெளுக்கும். அண்டக் கதிர்கள் கீறல் இடும். பிரகாசமான நட்சத்திரத்தினால் கமராவிற் சேரும் இலத்திரன்கள், பின் வரும் இலத்திரன்களைத் தள்ளிவிட, அந்த நட்சத்திரம் சற்றுப் பருத்துத் தெரியும். இத்தனையையும் சேர்த்தால்தான் படம் மெய்போலாகும். பின்னர், மெய்ப் படங்களை ஆராயும் அதே நிரலிடம் அதை ஒப்படைத்து, நிரல் கண்டதையும் பட்டியலில் உள்ளதையும் ஒப்பிடுகிறார்கள்.

நாமும் நண்பர் இருவருமாகச் சிறியதொரு போலி வானம் செய்து பார்த்தோம். ஒரு மடிக்கணனி, சில இரவுகள், நிறையத் தேநீர். உயிர்ப்புள்ள உடுத்தொகுதிகளை இட்டோம்; ஒளியை ஆடவிட்டோம்; புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்து, மாறியவற்றைத் தேடினோம். இட்ட அனைத்தும் அகப்பட்டன. ஒன்றேனும் தவறவில்லை. மகிழ்ச்சியில் அன்றிரவு உறக்கமே இல்லை.

மறுநாள் அதை எமது விரிவுரையாளரிடம் காட்டினோம். அவர் பாராட்டவில்லை. "இரண்டு படத்திலும் காற்று ஒரேமாதிரி வீசியிருக்கிறதே, தம்பிமாரே?" என்று மட்டும் கேட்டார்.

உண்மைதான். இரு படங்களுக்கும் ஒரே மங்கலைத்தான் வைத்திருந்தோம். கழித்தலும் பிசகின்றி நடந்தது. காற்றை மாற்றி வைத்தோம். சாதாரண உடுத்தொகுதிகளின் நடுவிலும் கழிபடாத மிச்சம் நின்றது. நிரல் அவற்றையும் உயிர்ப்புள்ளவை என்றது. மெய்யாக உயிர்ப்புள்ள மங்கலானவற்றையோ விட்டுவிட்டது. எமக்கு விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கேட்டு, எமக்கு நாமே நூறு புள்ளி போட்டிருக்கிறோம். வெட்கமாய்த்தான் இருந்தது.

இவ்விடயத்தில் டிசி2 போன்ற பெரிய முயற்சிகளுக்கும் விலக்கில்லை. செய்தவர் எண்ணாத எதுவும் போலி வானத்தில் இராது. இருநூறு நாளில் மீளும் என்று எழுதினால், கருந்துளை இருநூறு நாளிலேதான் மீளும். சில உடுத்தொகுதிகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே உயிர்ப்பு மங்கிப்போவதும், சில திடீரென விழிப்பதும் மெய் வானத்தில் உண்டு. இரண்டு எண் சூத்திரத்தில் அவை அடங்கமாட்டா. ஆகையால் போலி வானத்தில் நிரல் தேறியதென்றால், நாம் அறிந்த பிழைகளுக்குத் தப்பியது என்பதே பொருள். இதை அடக்கமென்று சிலர் சொல்லலாம். எமக்கோ இது வெறுங் கணக்கு வழக்கு.

கூட்டம் முடிந்த பின் விறாந்தையில் இரண்டு படங்களைத் திரையிடுவோம். ஒன்று மெய், மற்றது நாம் செய்தது. எது எதுவென்று தம்பிமாரும் பெரியோரும் சொல்லலாம். சென்ற வாரம் எம் நண்பர் ஒருவர் பிழையாகத்தான் சொன்னார். படத்தைச் செய்ததே அவர்தான்.