பொதுவெளியும் தன்னார்வமும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலித் இலக்கிய மேடையில் பூங்காவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பழைய பூங்கா ஒன்றை அந்தப் பகுதி மக்களே கூடிப் பராமரிக்கும் செய்தி வரும்போதெல்லாம் நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் எங்களுக்கு உடனே மூன்று கேள்விகள் எழுகின்றன. அந்தப் பூங்காவுக்குள் யார் நுழைய முடிந்தது? அது யாருடைய நிலம்? அங்கே கூலியில்லாமல் வேலை செய்பவரை எப்போது தன்னார்வலர் என்கிறோம், எப்போது பெயர் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்?

நுழைவைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குவோம். 1923இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொது நீர்நிலைகளும் பொது நிறுவனங்களும் தீண்டப்படாதவர்களுக்கும் உரியவை என்றது. 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெருக்கள், கிணறுகள், குளங்கள், கட்டடங்கள் பற்றி அதையே வலியுறுத்தியது. தீர்மானம் தாளில் இருந்தால் போதாது என்பதால்தான் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளினார். இந்த வரலாற்றின் சாரம் அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் இருக்கிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை என்று எண்ணிக்கொண்டே வரும் அந்தப் பிரிவு, பொதுமக்கள் கூடும் இடங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பூங்கா அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நமக்கு அது பொழுதுபோக்கு இடம் மட்டுமல்ல. போராடிப் பெற்ற அடிப்படை உரிமை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், பூங்காக்களைக் கறுப்பின மக்களுக்கும் திறக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. நகர நிர்வாகமோ 1962இல் பூங்காக்களையே இழுத்து மூடியது. அவர்களோடு ஒரே புல்வெளியில் உட்காருவதைவிட யாருக்குமே புல்வெளி இல்லாமல் போகட்டும் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு, அதே நகரின் கெல்லி இங்ராம் பூங்காவில் கூடிய பள்ளிப் பிள்ளைகள்மீது காவல்துறை நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் நீரைப் பீய்ச்சி அடித்தது. இன்று அந்தப் பூங்கா அந்தப் போராட்டத்தின் நினைவிடம்.

இரண்டாவது, நிலம். உலகமே வியக்கும் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்குள் செனிகா வில்லேஜ் என்ற குடியிருப்பு புதைந்திருக்கிறது. 1825 முதல் கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் தேவாலயமும் பள்ளியும் கட்டி வாழ்ந்த இடம் அது. பூங்காவுக்காக 1857இல் அவர்களை வெளியேற்றினார்கள். அந்தப் பூங்காவின் இன்றைய அழகில் தன்னார்வலர்களின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அவர்கள் நடும் செடிக்கடியில் ஓர் ஊர் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

சென்னையில் நடந்தது வேறு விதம். ஆளுநர் டிரெவெலியன் காலத்தில் உருவான மக்கள் பூங்கா 100 ஏக்கருக்கும் மேல் பரந்திருந்தது. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக எழ, இன்று மிஞ்சியிருப்பது மைலேடி பூங்கா போன்ற சில துண்டுகள்தான். பெயரில் மக்கள் இருந்தார்கள், முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. கண்காணிக்கும் மக்கள் இல்லாத பொது நிலத்தை அரசே தின்றுவிடும். ஆகவே தன்னார்வலர்கள் வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மூன்றாவது, உழைப்பு. குடிமராமத்து என்றால் ஊர் கூடித் தேர் இழுத்ததுபோல ஓர் இனிய படம் நம் கண்ணில் வருகிறது. அதற்காக ஆங்கில அரசு 1858இல் இயற்றிய சட்டத்தின் பெயரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். மடை திறந்து, கரை காத்து, வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். ஏரியை இரவு பகலாகக் காத்தவருக்கு ஊருணியில் ஒரு குடம் மொள்ள உரிமை இல்லை. பொதுச் சொத்தைப் பராமரிப்பது நமக்குப் புதிய சேவை அல்ல. நம்மேல் சுமத்தப்பட்ட பழைய ஊழியம். அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது இதனால்தான்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது முதல் எத்தனையோ மாணவர்கள் பூங்காக்களில் துடைப்பம் பிடித்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு துடைப்பம் பிடிப்பவருக்குச் சான்றிதழும் புகைப்படமும் கிடைக்கின்றன. மற்ற ஆறு நாளும் அதே துடைப்பத்தைப் பிடிப்பவர் ஒப்பந்தக் கூலிக்காரர். கையுறை கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருப்பவர் செய்வதுதான் தன்னார்வம். அந்த உரிமை இல்லாதவர் செய்வதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைப்பது மோசடி.

இந்த மூன்று கேள்விகளோடும் குண்டனி நாட்டுக்கு வருவோம். கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் நாடு என்றே பெயர் தாங்கியவை. குண்டனி நாடு அவற்றில் ஒன்று. கொல்லிமலையில் நகரத்துப் பூங்காவைத் தேட வேண்டியதில்லை. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கோயில்காடுகள் இருக்கின்றன. அங்கே பராமரிப்பு என்பது பெருக்குவதோ கத்தரிப்பதோ அல்ல. மரத்தில் கத்தி வைக்காமல் இருப்பது, விழுந்த கிளையையும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் இருப்பது. எடுக்காமல் விடுவதே காவல். அதற்குச் சம்பளமும் இல்லை, தன்னார்வலர் என்ற பட்டமும் இல்லை.

அந்தக் காவலை இன்று பல பக்கமும் நெருக்குகிறார்கள். சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறிவிட்டது. மிளகுக்கும் காப்பிக்கும் நிழலாகச் சில்வர் ஓக் மரம் எங்கும் நிற்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் சுற்றுலா, பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுத் திரும்புகிறது. அதைப் பொறுக்க வரும் சமவெளி இளைஞர்களை இயற்கைக் காவலர் என்கிறோம். அதே காட்டோரம் தலைமுறைகளாக வாழ்பவர் பட்டா கேட்டால் ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கிவைத்த பார்வை இது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதைத் திருத்த முயன்றது. மரபாகக் காத்துவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தந்தது. 5ஆம் பிரிவில் கிராமசபைக்கு அதற்கான அதிகாரமும் தந்தது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர், தலித்துகள் உட்பட, 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஆவணமே தரப்படாத மக்களிடம் ஆவணம் கேட்கும் நிபந்தனை அது.

கோயில்காட்டை நாம் புனிதப்படுத்திவிடவும் கூடாது. தமிழகத்தின் கோயில்காடுகள் பலவற்றில் பெண்களுக்கு எல்லை உண்டு. சமவெளியில் சாதிக்கும் எல்லை உண்டு. காட்டைக் காத்த மரபை எடுத்துக்கொள்வோம், மனிதரை விலக்கிய மரபை விட்டுவிடுவோம்.

செயல்பாட்டாளர்களிடமும் மாணவர்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒரு பூங்காவையோ சோலையையோ பராமரிக்கப் போகும் முன், அங்கே தினமும் வேலை செய்பவரின் பெயரையும் கூலியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் உழைப்பால் அவர் வேலை பறிபோகாமல் பாருங்கள். அந்த நிலத்திலிருந்து யார் வெளியேற்றப்பட்டார் என்பதைப் பெயர்ப்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பராமரிப்புக் குழுவில் சேரிக்கும் மலைக்கும் பெண்களுக்கும் முடிவெடுக்கும் இடம் கேளுங்கள். மலையில் என்றால் கிராமசபையின் அனுமதியோடு போங்கள், அவர்கள் சொல்லும் வேலையைச் செய்யுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டுத் துடைப்பத்தை எடுங்கள். நாங்களும் உடன் வருகிறோம்.