சூடாகி நின்றுபோகும் கணினி

(பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நான் செய்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணினியை இயக்கினாள். மூன்று நிமிடத்தில் திரை இருண்டது. மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். பத்து விநாடி ஓடி நின்றது. பிறகு எதுவுமே இல்லை. "என்ன செய்தாய்?" என்று அதட்டினேன். "பட்டனைத்தான் டீச்சர் அழுத்தினேன்" என்றாள். நான் நம்பவில்லை. அதன்பின் இரண்டு வாரம் அவள் கணினிப் பக்கமே வரவில்லை.

பழுதுக்கு ஆளைத் தேடும் முன் காரணத்தைத் தேட வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

கணினி 'இயங்கவில்லை' என்பதில் மூன்று வகை இருக்கிறது. முதலாவது, விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள்: சுவர் ஸ்விட்ச், யு.பி.எஸ்., பெட்டியின் பின்புற ஸ்விட்ச், மின்வடம். வேறு கணினியின் வடத்தை மாற்றிப் போட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். இரண்டாவது, விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் மானிட்டர் வடத்தைப் பாருங்கள். அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். மூன்றாவது, சிறிது நேரம் ஓடி நிற்கிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறியிருக்கும்போது மூன்று நிமிடம் ஓடி, உடனே மறுபடி இயக்கினால் பத்து விநாடியில் நின்று, அரை மணி நேரம் கழித்து இயக்கினால் மீண்டும் மூன்று நிமிடம் ஓடினால், பெரும்பாலும் காரணம் சூடுதான். நேரக் கணக்கே இல்லாமல் நின்றால் மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ். மீதும், உள்ளே சிக்கிக்கொள்ளும் பொத்தான் மீதும் சந்தேகம் வரலாம்.

சூடு ஏன் வருகிறது? நம் ஆய்வகக் கணினிகளில் பலவற்றின் செயலி 65 வாட் வகையைச் சேர்ந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட்டிருக்கிறீர்களா? ஏறக்குறைய அந்த அளவு மின்சாரம் தபால்தலை அளவுள்ள ஒரு சில்லுக்குள் சூடாக மாறுகிறது. அதன்மேல் உள்ள உலோகத் தகடுகள் சூட்டை வாங்கிக்கொள்ள, விசிறி அதைக் காற்றில் கலைக்கிறது. செயலிக்கும் உலோகத்துக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட், கண்ணுக்குத் தெரியாத காற்றிடைவெளிகளை நிரப்புகிறது. வெப்பம் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதையும் தாண்டினால் கணினியையே அணைத்துவிடும். அந்த அணைப்பு ஒரு தற்காப்பு. அது நின்றதும் நாம் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துவதுதான் கெடுதல்.

இனிச் செய்ய வேண்டியவை. உத்தரவாதக் காலம் முடியாத கணினி என்றால் திறக்க வேண்டாம். பராமரிப்புப் பொறுப்பில் உள்ளவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முடிந்துவிட்டது என்றால், மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள்; உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். சுத்தமான, உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தகடுகளுக்கு இடையிலுள்ள தூசியைத் தட்டி எடுங்கள். புளோயர் வைத்து ஊதினால் விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விசிறியில் ஏதேனும் வயர் சிக்கியிருக்கிறதா, அதன் இணைப்பு கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல கணினிகளில் விசிறியோடு கூடிய அந்த உலோகப் பகுதி நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போர்டில் நிற்கும். பெஞ்சை நகர்த்தும்போது ஒரு கால் கழன்றாலும் உலோகம் செயலியோடு சரியாகப் படியாது. நான்கையும் தொட்டுப் பாருங்கள். கழற்ற நேர்ந்தால் காய்ந்த பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்துப் பொருத்துங்கள். அதிகம் அப்பினால் பயனில்லை.

பிறகு இயக்கி, பயாஸ் திரையில் செயலியின் வெப்பத்தைக் கவனியுங்கள். 40, 50 என்று நிலைத்து நின்றால் நல்லது. நிற்காமல் 90ஐத் தாண்டி ஏறினால் உடனே அணைத்துவிடுங்கள். வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வடத்தைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். தீய்ந்த வாடை வந்தாலோ, மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கியிருந்தாலோ, தொழில்நுட்பரிடம் விடுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. ஓடும் கணினிக்கு உறை போடாதீர்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். தரையில் வைக்காதீர்கள்; பெருக்கும் தூசி முழுவதும் உள்ளே போகும். பருவத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்து, தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

எங்கள் கணினியைத் திறந்தபோது தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சுபோல அடைத்துக் கிடந்தது. ஒரு காலும் கழன்றிருந்தது. ஒரு மணி நேர வேலை. செலவு, ஒரு பேஸ்ட் டியூப் வாங்கியது மட்டும். மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அந்தத் தூசியைக் காகிதத்தில் கொட்டிக் காட்டி, "தவறு இவளுடையது இல்லை, என்னுடையது" என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் தொடலாமா டீச்சர்?"

பெட்டியைத் திறந்து வைத்து இந்தப் பாடத்தை மாணவர்களுக்கும் நடத்துங்கள். அடுத்த முறை ஒரு கணினி நின்றுபோனால், "யார் தொட்டது?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை நிமிடம் ஓடியது?" என்று கேளுங்கள்.