லீகாக் கண்ட தேர்தல்

கனடா நாட்டு ஹாஸ்ய ஆசிரியர் ஸ்டீபன் லீகாக், மாண்ட்ரியல் நகரின் மக்கில் சர்வகலாசாலையில் அரசியற் பொருளாதாரம் போதித்தவர். 1911-ஆம் ஆண்டுத் தேர்தலில், அமெரிக்காவுடன் செய்துகொள்ளவிருந்த வர்த்தக உடன்படிக்கையை எதிர்த்து, கன்ஸர்வேடிவ் கட்சிக்காக மேடையேறிப் பேசினார். ஸர் வில்பிரிட் லாரியேயின் லிபரல் கட்சி தோற்றது. லீகாக்கின் பக்கம் வென்றது.

மறு ஆண்டே அத்தேர்தலை அவர் கதையாக்கினார். யாரைப் பரிகசித்தார் என்கிறீர்கள்? தம் கட்சியையேதான்!

மாரிபோஸா என்பது கற்பனைச் சிற்றூர். அங்கே கன்ஸர்வேடிவ் வேட்பாளர், ஸ்மித் என்னும் ஹோட்டல்காரர். சுங்கவரியின் நுணுக்கம் அறியாதவர். ஆனால் ஜனங்களை நன்கு அறிந்தவர். தேர்தல் தினத்தன்று ஊரார் வாக்களிக்காமல் காத்திருக்கிறார்கள். வெல்லும் பக்கம் எதுவென்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கமே சேர்ந்துவிடலாம் என்ற முன்ஜாக்கிரதை! ஸ்மித், தாம் ஜயித்துவிட்டதாக நகருக்குத் தந்தி அடிக்கிறார். அதே செய்தி நகரிலிருந்து ஊருக்குத் திரும்புகிறது. தந்தியில் வந்தது பொய்யாகுமா? ஜனங்கள் முண்டியடித்து ஓடி ஸ்மித்துக்கு வாக்களிக்கிறார்கள். முதலில் பொய்யாக இருந்தது பின்னர் மெய்யாகிவிடுகிறது.

எதிர்க்கட்சியைப் பரிகசிக்க எவராலும் முடியும். தாம் தொண்டை வறளப் பேசிப் பெற்ற வெற்றியையே இவ்விதம் பார்த்துச் சிரிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அக்கதையில் ட்ரோன் என்றொரு சுயேச்சை வேட்பாளரும் உண்டு. நேர்மை ஒன்றையே முன்வைத்து நின்றவர். தோற்றுப்போகிறார்.